தமக்குள் ஒரு சிரிப்பு
(மாணவர் குறும்படங்கள் பற்றி ஒரு பாடம்)

இவ்வாண்டும் நம் மன்றம் ஒரு குறும்படம் எடுக்க முடிவு செய்திருக்கிறது. சென்ற ஆண்டுப் படத்தின் கதையையும் உரையாடலையும் எழுதியவன் என்ற முறையில், “மாணவர் படம் எடுப்பது எப்படி?” என்று மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு செயலாளர் என்னைப் பணித்தார். பௌதிகம் பயிலும் எனக்குப் படக்கலையில் பட்டம் இல்லை. ஆயினும், ஒரு படம் எடுத்துத் தவறு செய்தவன் என்ற தகுதி உண்டு. அத்தகுதியை நம்பியே எழுதத் துணிந்தேன்.

படம் எடுக்கும் முறை முழுவதையும் ஒரு கட்டுரையில் அடக்க இயலாது. ஆகவே ஒரேயொரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மாணவர் எடுக்கும் படங்கள் எல்லாவற்றிலும் தவறாமல் இடம்பெறுவது அது. எடுத்தவர்களுக்கும் அவர்களுடைய நண்பர்களுக்கும் மட்டும் விளங்கும் வேடிக்கை. அதனை ‘உள்வீட்டுக் கேலி’ என்று இக்கட்டுரையில் அழைப்போம். இது படத்துக்கு நன்மையா, தீமையா? எப்போது நன்மை, எப்போது தீமை? இவ்வினாவுக்கு விடை காண, உலகம் அறிந்த ஒரு மாணவர் படத்தின் திரைமறைவுச் செய்திகளை முதலில் ஆராய்வோம். பின்னர் நம் படத்தை அதன் அருகில் வைத்துப் பார்ப்போம்.

1. ஒரு பந்தின் கதை

அமெரிக்காவில் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் திரைப்படக்கலை பயின்ற இரு மாணவர்கள் 1970-ஆம் ஆண்டில் ஒரு படத்தைத் தொடங்கினர். ஒருவர் ஜான் கார்ப்பெண்டர். மற்றவர் டான் ஓபானன். படத்தின் பெயர் ‘டார்க் ஸ்டார்’. நம் மொழியில் ‘இருண்ட விண்மீன்’ எனலாம். 16 மில்லிமீட்டர் பிலிமில் ஏறத்தாழ 45 நிமிடம் ஓடும் மாணவர் படமாக முதலில் உருவான இது, பிறகு வெளியார் பணம் கிடைத்ததால் 83 நிமிடப் படமாக நீட்டப்பட்டு, 1974-இல் பொதுமக்கள் முன் வந்தது. நீட்டிய பிறகும் அதற்கு ஆன மொத்தச் செலவு ஏறத்தாழ 60,000 டாலர்தான் என்பர். விண்வெளிப் படம் ஒன்றுக்கு இது மிகச் சிறிய தொகை.

கதை எளியது. மனிதர் குடியேறப்போகும் விண்வெளிப் பகுதிகளில் நிலையற்ற கோள்களைக் குண்டு வைத்துத் தகர்ப்பதே ஒரு கப்பலின் தொழில். அதில் நால்வர் நெடுங்காலமாகச் சலிப்போடு பயணம் செய்கின்றனர். தலைவர் இறந்துவிட்டார், ஆனால் அவரைப் பனியில் உறைய வைத்து, தேவைப்படும்போது ஆலோசனை கேட்கின்றனர். விபத்தொன்றில் கப்பலின் கழிப்பறைக் காகிதம் முழுவதும் அழிந்துபோய்விட்டது. இறுதியில், சிந்திக்கத் தெரிந்த ஒரு வெடிகுண்டு வெடித்தே தீருவேன் என்று அடம்பிடிக்கிறது. அதற்குத் தத்துவம் கற்பித்துத் தடுக்க முயல்கின்றனர்! அதற்குமுன் 1968-இல் வெளிவந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ என்ற பெரும்படத்தின் கம்பீரத்தை மாணவர் கண்ணால் பார்த்த நையாண்டி இது.

இப்படத்தில் வேற்றுலக உயிர் ஒன்று வருகிறது. கப்பலில் செல்லப் பிராணியாக வளர்க்கப்படும் அது எதனால் ஆனது என்று நினைக்கிறீர்கள்? கடற்கரையில் குழந்தைகள் காற்றடைத்து விளையாடும் பந்து! அதன்மேல் வண்ணம் பூசி, அடியில் நகமுள்ள இரு பாதங்களைப் பொருத்திவிட்டனர். அதனை இயக்கியவர் நிக் காசில் என்ற உடன்மாணவர். இதே நிக் காசில்தான் 1978-இல் கார்ப்பெண்டர் எடுத்த ‘ஹாலோவீன்’ படத்தில் முகமூடி அணிந்த கொலைகாரனாக நடித்து உலகை நடுங்க வைத்தவர். பந்துக்குள் தொடங்கிய வாழ்க்கை அது!

பந்தோடு நிற்கவில்லை. கப்பலின் கட்டுப்பாட்டுப் பலகையில் ஒளிரும் பொத்தான்கள், பனிக்கட்டி உறையவைக்கும் தட்டுகள். அடியில் விளக்கு வைத்து அவற்றை ஒளிரச் செய்தனர். மின்தூக்கி ஒன்றின் அடிப்புறமாகக் காட்டப்படுவது, தரையை மெருகேற்றும் இயந்திரத்தின் அடித்தட்டு. கப்பலின் வடிவத்தை வரைந்து தந்தவர் ரான் காப் என்ற ஓவியர். இசையைக் கார்ப்பெண்டரே அமைத்தார். டால்பி என்ற பாத்திரத்தின் முகம் ஒருவருடையது, குரல் கார்ப்பெண்டருடையது. ஓபானனோ எழுதினார், படத்தொகுப்புச் செய்தார், தந்திரக் காட்சிகளை அமைத்தார், நடிக்கவும் செய்தார். கையில் பணம் இல்லாதபோது ஒருவன் பத்துப் பேர் ஆகிறான்.

பௌதிக மாணவனாகிய என்னை மிகவும் கவர்ந்தது மின்தூக்கிக் காட்சி. ஆழம் காண முடியாத செங்குத்துக் குழியில் ஒருவன் தொங்குகிறான். அவ்வளவு ஆழமான குழிக்கு மாணவர் எங்கே போவர்? குழியைக் கிடைமட்டமாகப் படுக்க வைத்துவிட்டனர். நடிகரும் படுத்த வாக்கிலேயே ‘தொங்கினார்’. ஒளிப்படக் கருவிக்கு எது மேல், எது கீழ் என்று தெரியாது. நாம் சொல்வதையே அது நம்பும். காட்டிக்கொடுக்கக்கூடியது புவியீர்ப்பு ஒன்றே. ஒரு நூல் தொங்கினால் போதும், தந்திரம் வெளிப்பட்டுவிடும். ஆகவே இத்தகைய காட்சி எடுக்க விரும்புவோர் தொங்கும் பொருள் எதனையும் சட்டத்துக்குள் விடலாகாது. தளர்ந்த சட்டையும் நீண்ட முடியும் பகை. நம் விடுதியின் நீண்ட தாழ்வாரத்தைக் கிணறாகக் காட்ட விரும்புவோர் இதனை மனத்தில் வைப்பாராக!

2. கேலியின் விலை

அக்காலத்துப் படமெடுப்புக்கும் நம் காலத்துக்கும் உள்ள ஒரு வேற்றுமையை இங்கே கணக்கிட்டுப் பார்ப்பது நலம். 16 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு 40 சட்டங்கள். நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. எனவே ஒரு நிமிடத்துக்கு 1,440 சட்டங்கள். அதாவது 36 அடி. நானூறு அடிச் சுருள் ஒன்று பதினொரு நிமிடத்தில் தீர்ந்துபோகும். 45 நிமிடப் படத்துக்கு, ஒரு காட்சியையும் இருமுறை எடுக்காவிட்டால்கூட, 1,620 அடி வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் வாங்கும் செலவு ஒன்று, கழுவும் செலவு ஒன்று.

ஆகையால் அம்மாணவர்கள் உள்வீட்டுக் கேலிக்கென்று பிலிம் ஒதுக்கவில்லை. ஏற்கெனவே ஓடும் காட்சியின் ஒரு மூலையில் அதனை ஒளித்து வைத்தனர். ‘டார்க் ஸ்டார்’ படத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு: பின்பேக் என்பவன் தன் நாட்குறிப்பில், “நான் உண்மையில் பின்பேக் அல்லன், தவறுதலாகக் கப்பலில் ஏற்றப்பட்டவன், என் பெயர் பில் ஃபுரூக்” என்ற பொருள்படப் பேசுகிறான். இப்பெயர், தொலைக்காட்சித் தொடர்களை எழுதித் தயாரித்து, பின்பு திரைக்கதை கற்பிக்கும் ஆசிரியராகவும் விளங்கிய வில்லியம் ஃபுரூக் என்பவரை நினைவூட்டுவது. அறிந்தவர் சிரிப்பர். அறியாதவருக்கோ அது ஒரு பெயர், அவ்வளவே. கதையில் அவருக்கு எதுவும் குறையவில்லை.

அதே பல்கலைக்கழகத்தில் 1967-இல் ஜார்ஜ் லூகாஸ் என்ற மாணவர் எடுத்த ஏறத்தாழ 15 நிமிடப் படம் இன்னொரு சான்று. மனிதருக்குப் பெயரில்லாமல் எண் மட்டுமே உள்ள எதிர்கால உலகிலிருந்து ஒருவன் தப்பி ஓடும் கதை அது. அவனுடைய எண் 1138. படக்கலை கற்க வந்திருந்த கடற்படையினரையே நடிகராகவும் உதவியாளராகவும் கொண்டு லூகாஸ் அதனை முடித்தார். 1971-இல் அதுவே முழுநீளப் படமாயிற்று. பிறகு அந்த எண் அவரை விடவில்லை. அவரும் அதனை விடவில்லை. 1973-இல் வெளிவந்த ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ படத்தில் ஒரு மஞ்சள் காரின் எண் பலகையில் ‘டி.எச்.எக்ஸ். 138’ என்றிருக்கும். 1977-இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில், கைதியை எங்கிருந்து கொண்டுவருகிறோம் என்று பொய் சொல்லும்போது, வரும் சிறைத்தொகுதியின் எண் 1138. அதே படத்தில் இளவரசி அடைபட்டிருக்கும் அறையின் எண் 2187. இது, கனடா நாட்டு ஆர்தர் லிப்செட் 1963-இல் எடுத்த ‘21-87’ என்ற குறும்படத்துக்குச் செலுத்திய வணக்கம். மாணவராயிருந்தபோது லூகாஸின் உள்ளத்தைக் கொள்ளை கொண்ட படம் அது. ஓர் எண்ணின் வழியே ஒருவர் தம் ஆசானுக்கு நன்றி சொல்கிறார். கேலி இங்கே நன்றியாக உயர்ந்துவிடுகிறது.

மூன்றாவது சான்று ஓர் அறை. கலிபோர்னியக் கலைக் கல்லூரி ஒன்றில் கேலிச்சித்திர அசைவுப்படம் பயின்ற மாணவர்களின் வகுப்பறை எண் ஏ113. அங்கே பயின்ற பிராட் பேர்ட், ஜான் லாசெட்டர் முதலியோர் பிற்காலத்தில் பெரும்படங்கள் எடுத்தபோது அந்த எண்ணை எங்கேனும் ஒரு மூலையில் வைத்தனர். 1995-இல் வந்த ‘டாய் ஸ்டோரி’யில் தாயின் காரில் அது எண் பலகை, 2003-இல் ‘ஃபைண்டிங் நீமோ’வில் நீரில் மூழ்கிப் படமெடுப்பவனின் ஒளிப்படக் கருவியில் அது இருக்கிறது, 2008-இல் ‘வால்-ஈ’யில் கணினிக்கு இடப்பட்ட இரகசிய ஆணையின் பெயரே அதுதான். கோடிக்கணக்கான குழந்தைகள் இப்படங்களைப் பார்த்தனர். அந்த எண் ஒரு வகுப்பறை என்று அறியாததால் எந்தக் குழந்தையின் மகிழ்ச்சியும் குறையவில்லை.

இம்மூன்றிலிருந்தும் முதல் விதி ஒன்று பெறப்படுகிறது: உள்வீட்டுக் கேலி, அறிந்தவனுக்கு ஒரு துளி தேன் ஆகலாம், அறியாதவனுடைய இலையில் சோறு குறையலாகாது.

3. சிரிப்பின் சுமை யார் தலையில்?

முதல் விதி எளிது. இரண்டாவது அத்தகையதன்று. அதனைக் காண நம் முன்னோரிடம் செல்வோம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் இடங்களை நான்காக வகுத்தார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். அவற்றுள் எள்ளலை உரையாசிரியராகிய பேராசிரியர் மேலும் இரண்டாகப் பிரித்துக் காட்டுவார். தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று. பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுதல் மற்றொன்று. வெளிப்பார்வைக்கு இரண்டும் சிரிப்பே. ஆனால் சுமை விழும் தலை வேறு.

மீண்டும் ‘டார்க் ஸ்டார்’ படத்துக்கு வாருங்கள். அப்படத்தில் மிகுதியாக அவமானப்படுபவன் பின்பேக். பந்து அவனை ஏய்க்கிறது. அவன் குழியில் தொங்கும்போது அவனைக் கூச்சமூட்டுகிறது. மின்தூக்கியின் அடிக்கதவில் பாதி உடலோடு சிக்கிக்கொண்டு அவன் கதற, பின்னணியில் ‘செவில் நகரத்து நாவிதன்’ இசைநாடகத்தின் முன்னிசை உல்லாசமாக ஒலிக்கிறது. உடன் பயணம் செய்பவர்களும் அவனை மதிப்பதில்லை. இந்தப் பின்பேக்காக நடித்தவர் யார்? இவற்றையெல்லாம் கார்ப்பெண்டரோடு சேர்ந்து எழுதிய டான் ஓபானனே! சிரிப்புக்கு ஆளாகும் ஒருவன் கதைக்கு வேண்டும் என்று எழுதியவர், அந்த இடத்தில் வேறொருவரைத் தள்ளாமல் தாமே போய் நின்றார்.

அப்படம் வெளிவந்தபோது, எதிர்பார்த்த அளவுக்குச் சிரிப்பு எழவில்லை. ஓபானன் என்ன செய்தார்? பந்தைப் பார்த்து அவர்கள் சிரிக்கவில்லையெனில், அச்சத்தால் அலறவாவது வைப்பேன் என்று கருதி, கப்பலுக்குள் புகுந்த வேற்றுயிர் என்ற அதே கருவை எடுத்துக்கொண்டு, வேறொருவர் துணையோடு திகில் கதையாக அமைத்தார். அதுவே 1979-இல் ரிட்லி ஸ்காட் இயக்கத்தில் வெளிவந்த ‘ஏலியன்’. ரான் காப் அதற்கும் வரைந்தார். உலகை அலறவைத்த அக்கொடிய உயிரின் பாட்டன் ஒரு கடற்கரைப் பந்து என்பது திரையுலகின் பெரிய வேடிக்கைகளுள் ஒன்று.

4. நம் படம்

நிற்க. இனி நம் படத்துக்கு வருவோம். சென்ற பொங்கல் விழாவில் நாம் திரையிட்ட 14 நிமிடப் படத்தைப் பார்த்தவர்கள் பலர் இதனை வாசிப்பீர்கள். மூடுபனி இரவு ஒன்றில் ஊரிலிருந்து வந்த காப்பிப்பொடி தீர்ந்துபோக, நான்கு தமிழ் மாணவர் விடுதி முழுவதும் காப்பிப்பொடி தேடி அலையும் கதை. அதில் மூன்று உள்வீட்டுக் கேலிகள் இருந்தன. மூன்றையும் எழுதியவன் நான்.

முதலாவது, கதவில் எழுதிய 27 என்ற எண். வார்டன் கண்ணுக்குத் தெரியாமல் சுருள் ஹீட்டரில் வெந்நீர் வைத்து, நம்மவர் பலருக்கு வடிகட்டிக் காப்பி கொடுத்த அறை அது. அந்தக் கதவு திரையில் தோன்றியதும் மூன்றாம் வரிசையில் ஓர் ஆரவாரம் எழுந்தது. மற்றவர்களுக்கு அது வெறும் கதவு. முதல் விதிப்படி இதில் குற்றமில்லை.

இரண்டாவது, மெஸ் கணக்குப் புத்தகக் காட்சி. கணக்கில் காணாமற்போன வெங்காய மூட்டையைப் பற்றி இருவர் இரண்டு நிமிடம் வாதாடுவர். அந்த மூட்டையின் வரலாறு அறிந்த பத்துப் பேர் விழுந்து விழுந்து சிரித்தோம். மண்டபத்தில் இருந்த ஏறத்தாழ இருநூறு பேர் வாய் மூடி அமர்ந்திருந்தனர். கைப்பேசியில் படமெடுக்கும் நமக்குப் பிலிம் செலவு இல்லை. அதனாலேயே இரண்டு நிமிடத்தின் விலை நமக்குத் தெரியவில்லை. அந்த விலையைக் கொடுத்தவர்கள் பார்க்க வந்தவர்கள்.

மூன்றாவதைப் பற்றி எழுதவே இக்கட்டுரைக்கு உடன்பட்டேன்.

நம் எழுத்தில் ‘க’ ஒன்றே. இந்தியில் அதற்கு நான்கு. உணவுக்கும் அங்கே ‘கானா’, பாட்டுக்கும் ‘கானா’. நாம் எழுதினால் இரண்டும் ஒன்றே. அவர்கள் ஒலித்தால் இரண்டும் வேறு. முதலாண்டு மாணவன் ஒருவன், சிற்றூர்ப் பள்ளியில் தமிழ்வழி பயின்று வந்தவன், இங்கு வந்த முதல் வாரத்தில் இந்திச் சொற்களைத் தமிழ் எழுத்தில் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டு பேசப் பழகினான். ஓர் இரவு மெஸ்ஸுக்கு நேரங்கழித்து வந்து, குறிப்பேட்டைப் பார்த்து, நம் கானாப் பாட்டின் ‘கானா’வை ஒலிப்பதுபோலவே ஒலித்து, கானா வேண்டும் என்று கேட்டான். பரிமாறும் பெரியவர் ஒரு கணம் விழித்தார். பிறகு கரண்டியைக் கையில் பிடித்தபடியே பழைய இந்திப் படப் பாட்டொன்றைப் பாடத் தொடங்கிவிட்டார்! பாடி முடித்து, சிரித்து, அவனுக்கு இரண்டு ரொட்டியும் வழக்கத்துக்கு மேல் ஓர் அகப்பைப் பருப்பும் போட்டார். அவனும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டான். நான் அடுத்த மேசையில் இருந்து பார்த்தேன்.

இந்நிகழ்ச்சியைப் படத்தில் வைத்தேன். ஆனால் நேரம் கருதிச் சுருக்கினேன். கானா கேட்டவன் திருதிருவென்று விழிக்கிறான், சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள், காட்சி முடிந்தது. பெரியவர் இட்ட அந்த ஓர் அகப்பைப் பருப்பு என் கதையில் இல்லை.

திரையிட்ட அன்று மண்டபமே அதிர்ந்தது. தமிழர் சிரித்தனர், யாரைச் சொல்கிறோம் என்று தெரிந்ததால். மற்றவர் சிரித்தனர், தமிழனுக்கு இந்தி வராது என்று அவர்கள் கேட்டிருந்த கதையை நாமே உறுதிசெய்து கொடுத்ததால். நான் வெற்றிக் களிப்போடு அறைக்குத் திரும்பினேன். என் அறைத்தோழர் அஸ்ஸாமியர். “மூன்றாவது வரிசையில் இருந்தவர்கள் ஏன் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள்?” என்று கேட்டார். நான் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “அந்தப் பையன் மண்டபத்தில் இருந்தானா?” என்று மட்டும் கேட்டார்.

இருந்தான். கடைசி வரிசையில் இருந்தான். படம் முடியும்முன் எழுந்து போனதை வாயிலில் நின்றவர்கள் கண்டனர். அன்றிலிருந்து விடுதியில் அவனுக்குப் பெயர் ‘கானா’ ஆயிற்று. சொந்தப் பெயரை யாரும் அழைக்கவில்லை. மெஸ்ஸில் கூட்டம் கலைந்தபின், பெரும்பாலோர் போன பிறகு, சாப்பிட வரத் தொடங்கினான். மன்றக் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்தினான். குறிப்பேட்டை எடுத்து இந்தி பேசுவதையும் விட்டுவிட்டான். இவற்றையெல்லாம் நான் அறிய இரண்டு மாதம் ஆயிற்று. அறிந்தபின் அவனைப் போய்ப் பார்க்கத் துணிவு வர மேலும் இரண்டு வாரம் ஆயிற்று.

விளையாட்டுக்காகச் செய்தாலும் இகழ்ச்சி துன்பம் தருவதே என்று வள்ளுவர் பண்புடைமையில் சொல்லியிருக்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்ற குறள் அது. மதிப்பெண் பெற்றவனுக்குப் பொருள் விளங்க ஆறு ஆண்டுகள் ஆயின.

நான் மன்னிப்புக் கேட்டபோது அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவன் அனுமதி பெற்றே எழுதுகிறேன்.

“அண்ணா, அன்னைக்கு மெஸ்ல நானுந்தான் சிரிச்சேன். அந்தத் தாத்தா பாடினது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. ஊருக்குப் போன் பண்ணி அம்மாகிட்டக்கூடச் சொன்னேன். நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானே நடிச்சிருப்பேன்.”

பேராசிரியர் பிரித்துக்காட்டிய இருவகை எள்ளலுக்கும் இடையே உள்ள தூரம் அந்த ‘ஒரு வார்த்தை’தான். மெஸ்ஸில் அவன் எள்ளப்பட்டபோது தானும் நகைத்தான்; அதே நிகழ்ச்சியை நான் அவனிடமிருந்து எடுத்துப் பிறர் நகைக்கக் கொடுத்தேன். ஓபானன் தாம் எழுதிய அவமானத்தைத் தாமே நடித்தார். நான் எழுதினேன், வேறொருவன் சுமந்தான்.

5. இவ்வாண்டுப் படத்துக்குச் சில நெறிகள்

பாடம் என்று தலைப்பில் எழுதிவிட்டதால், படித்ததைத் தொகுத்துக் கூறுதல் கடமை.

முதலாவது, உள்வீட்டுக் கேலிக்குத் தனிக்காட்சி வேண்டா. எண் பலகையிலும், சுவரொட்டியிலும், புத்தக முதுகிலும், பின்னணிக் குரலிலும் வையுங்கள். அதனை நீக்கிவிட்டால் கதை குறைந்துபோகிறதா என்று பாருங்கள். குறைந்துபோகுமானால் அது இருக்கும் இடம் தவறு.

இரண்டாவது, திரையிடுவதற்கு முன் தமிழ் அறியாத ஒரு நண்பரையும், நம் விடுதியை அறியாத ஒரு தமிழரையும் அழைத்துப் படத்தைக் காட்டுங்கள். ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவியை அளவு திருத்தாமல் நாம் பயன்படுத்துவதில்லை. படமும் ஒரு கருவியே. அவர்கள் மௌனமாக இருக்கும் நிமிடங்களைக் குறித்துக்கொண்டு வெட்டுங்கள்.

மூன்றாவது, வறுமையை மறைக்க முயலாதீர்கள். பந்தும் பனிக்கட்டித் தட்டும் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் பேசப்படுகின்றன. நம்மிடம் இருப்பது தாழ்வாரமும், போர்வையும், மூடுபனியும். இம்மூடுபனியைப் பெரிய படக்காரர்கள் புகைபோட்டு வரவழைக்கிறார்கள். நமக்கு மார்கழியில் இலவசமாகக் கிடைக்கிறது!

நான்காவது, உண்மை மனிதர் ஒருவரின் நிகழ்ச்சியைக் கதையில் வைப்பதாயின், முதலில் அவரிடம் கேளுங்கள். அவர் தயங்கினால் விட்டுவிடுங்கள். சிரிப்புக்கு ஆள் வேண்டுமெனில், எழுதியவனே அந்த வேடத்தைக் கட்டுவானாக.

வீட்டைவிட்டு ஆயிரம் கல் தொலைவில் வந்து பயிலும் நமக்கு, தமக்குள் சிரித்துக்கொள்ளும் ஒரு வட்டம் தேவை. அதனால்தான் இந்த மன்றம் இருக்கிறது. புதிதாக வரும் ஒருவனுக்கு நம் சிரிப்பின் ஓசையே வாயிற்கதவு. அது அவனை உள்ளே அழைக்கவும் கூடும், வெளியே நிறுத்தவும் கூடும். நான் ஒருமுறை நிறுத்திவிட்டேன்.

இவ்வாண்டுப் படத்தின் கதை அவனுடையது. மெஸ் பெரியவரிடமும் கேட்டாயிற்று. அவரே நடித்துப் பாட ஒப்புக்கொண்டார், பாட்டை மட்டும் தாமே தேர்ந்தெடுப்பதாக நிபந்தனை. கானா கேட்டு விழிப்பவனாக நடிக்கப்போகிறவன் நான். என் இந்தி உச்சரிப்பும் அதற்குப் போதிய அளவு மோசம் என்று கதாசிரியர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். காட்சியின் முடிவில் ஓர் அகப்பைப் பருப்பு உண்டு.